ஹட்டிக்கு ஹட்டி கேபிள்: நிபந்தனை போட்ட மரங்கள் பற்றிச் சில கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கேபிள் வழி வரைந்து கொடுப்பது என் தொழில். ஹட்டி என்றால் இங்கே படுகர் சிற்றூர். இந்தமுறை வந்த கேள்விகள் எல்லாமே ஸ்பேனிங் ட்ரீ பற்றியவை. அதாவது, வளையம் விழாமல் எல்லா ஊரையும் இணைக்கும் மரம். செலவும் குறைய வேண்டும், கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு.

கேள்வி (ஊட்டி, கல்லூரி மாணவி): குறைந்த தூர இணைப்பாகப் பார்த்து, வளையம் விழாமல் சேர்த்துக்கொண்டே போகும் க்ரஸ்கல் முறையில் ஆயிரம் ஊரையும் நொடியில் இணைத்துவிடுகிறேன் சார். ‘ஓர் இடத்தில் மூன்று கேபிளுக்கு மேல் சேரக்கூடாது’ என்றதும் ஏன் என்பி-ஹார்ட் (வேகமாகச் சரியான விடை தரும் வழி யாருக்கும் தெரியாத கணக்கு) ஆகிறது?

மூன்றை விடுங்கள், இரண்டு என்று வைத்துப் பாருங்கள். மரத்தில் கிளையே இருக்காது. எல்லா ஊரையும் ஒருமுறை தொட்டுப்போகும் ஒற்றைக் கோடாகிவிடும். எல்லா ஊருக்கும் ஒருமுறை போய்த் திரும்பும் மிகக் குறைந்த தூர வழியைத் தேடும் சேல்ஸ்மேன் பயணக் கணக்குக்கு அது கூடப்பிறந்தது. அதுவும் என்பி-ஹார்ட்தான். அதற்காகக் கைவிட வேண்டாம். ஓர் இடத்தில் வரம்பைவிட ஒரு கேபிள் மட்டும் கூடுதலாகச் சேரலாம் என்றால், மீறாத சிறந்த மரத்தின் செலவுக்குள்ளேயே ஒரு மரத்தை வேகமாகக் கண்டுபிடிக்கலாம் என்று 2007இல் சிங்கும் லாவும் நிரூபித்தார்கள்.

தட்டையான நிலத்தில் நேர்க்கோட்டுத் தூரம் என்றால் இன்னொரு வசதி: எந்த இடத்திலும் ஐந்து கேபிளுக்கு மேல் சேராத, செலவு மிகக் குறைந்த மரம் எப்போதும் உண்டு. நமக்கு அது உதவாது. எதிர்ச் சரிவில் விளக்கு தெரியும். ரோட்டில் போனால் பத்துக் கொண்டை ஊசி வளைவு. நானே ஒருமுறை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து கேபிள் வாங்கி, பாதி வழியில் சுருள் தீர்ந்து நின்றிருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி, கேபிள் ஆபரேட்டர்): ஒரு லைனுக்கு 32 வீடுதான் அண்ணா. ஒவ்வொரு ஹட்டியிலும் 16 வீடு. பக்கத்து ஹட்டியாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே வந்தேன், கடைசியில் கேபிள் எக்கச்சக்கமாகப் போய்விட்டது.

எல்லோரும் விழும் பள்ளம் இது. மூன்று ஹட்டி என்று வையுங்கள். நம் ஆபீஸிலிருந்து மேல் ஹட்டி 5 கி.மீ., நடு ஹட்டி 6, கடைசி ஹட்டி 9. மேலிலிருந்து நடுவுக்கு 2, நடுவிலிருந்து கடைசிக்கு 3. நீங்கள் முதலில் 2 கி.மீ. இணைப்பைப் பிடித்தீர்கள். மேலும் நடுவும் சேர்ந்ததும் 32 நிரம்பிவிட்டது. கடைசி ஹட்டிக்குத் தனியாக 9 இழுக்க வேண்டும். மொத்தம் 5+2+9, 16 கி.மீ.

1966இல் ஈசாவ், வில்லியம்ஸ் என்ற இருவரும் இதே மாதிரிக் கணக்குக்குச் சொன்ன வழி வேறு. எது பக்கம் என்று கேட்காமல், எதைச் சேர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று கேட்பார்கள். முதலில் மூன்றும் ஆபீஸோடு நேராக இணைந்திருக்கட்டும். கடைசியை நடுவோடு சேர்த்தால் 9க்குப் பதில் 3, மிச்சம் 6. நடுவை மேலோடு சேர்த்தால் 6க்குப் பதில் 2, மிச்சம் 4தான். ஆக, கடைசி ஹட்டிக்குத்தான் முதல் மரியாதை. மொத்தம் 5+6+3, 14 கி.மீ. இந்த வழியும் எப்போதும் சரியான விடை தராது. ஆனால் கையாலேயே போட்டுவிடலாம்.

கேள்வி (மஞ்சூர்): ஒரு ஃபைபரில் வரும் ஒளியைப் பல ஃபைபருக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை போடலாம்?

ஜிபான் என்ற ஃபைபர் இணைப்பு முறையின் பி பிளஸ் வகையில் ஒளியின் மொத்த இழப்பு 28 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். ஒன்றை எட்டாகப் பிரித்தால் இழப்பு ஏறக்குறைய பத்தரை, நான்காகப் பிரித்தால் ஏறக்குறைய ஏழு. இரண்டு கட்டத்திலேயே பதினேழரை போய்விட்டது. மிச்சம் ஃபைபருக்கும் ஒட்டுக்கும் வேண்டும். அதனால் இரண்டு கட்டத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி (குன்னூர்): செலவு குறைந்த மரத்தில் 5 கி.மீ. மண்சரிவுப் பாதை வருகிறது. 3க்கு மேல் வேண்டாம் என்கிறார் முதலாளி.

சரிவுப் பாதையில் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஓர் அபராதம் போட்டு, பழைய க்ரஸ்கலையே மறுபடி ஓட்டுங்கள். அபராதத்தை ஏற்ற ஏற்ற மரம் சரிவுப் பாதையை விட்டு நகரும். 3க்குள் வந்ததும் நிறுத்துங்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அபராதத்தோடு சேர்த்த மொத்தத்திலிருந்து 3 கி.மீ.க்கான அபராதத்தைக் கழித்தால் ஓர் எண் வரும். நிபந்தனைக்கு உட்பட்ட எந்த மரமும் அதைவிட மலிவாக இருக்க முடியாது. உங்கள் மரத்தின் செலவு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், முதலாளியிடம் தைரியமாக நீட்டலாம். சேல்ஸ்மேன் கணக்கில் இதே உத்தியை ஹெல்டும் கார்ப்பும் 1970இல் கையாண்டார்கள். இடைவெளி பெரிதென்றால் சிபிசி போன்ற இலவச சால்வரிடம் (இந்த மாதிரிக் கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) கொடுங்கள். எல்லா மரத்தையும் எண்ணிப் பார்க்க மட்டும் கிளம்ப வேண்டாம்: பத்தே ஊருக்கு 10 கோடி மரம்.

கேள்வி (கூடலூர்): மழையில் கற்பூர மரம் விழுந்து கேபிள் அறுந்தால்?

அறுந்த இடத்துக்கு அந்தப்பக்கம் எல்லாம் போச்சு. மரம் என்றாலே ஒரே வழிதானே. அதைத் தாங்க வேண்டுமென்றால் வளையம் போட வேண்டும், அது வேறு கணக்கு. உங்கள் ஊர் மழைக்கு நான் அதைத்தான் போடுவேன்.