சிரிக்காத ஊரில் தம்பி

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, என் தம்பி செப்டம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனான். கடன் வாங்கித்தான் அனுப்பினோம். இப்போது தினமும் போனில் புலம்பல். “யாருமே சிரிக்க மாட்டேங்கிறாங்கக்கா, கடையில காசு கொடுத்தாலும் முறைக்கிறாங்க” என்கிறான். போன வாரம் காய்ந்த ரொட்டியைக் குப்பையில் போட்டதற்கு, ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கத்தித் தீர்த்துவிட்டாராம். நம் நிறம்தான் காரணமோ என்று கேட்கிறான். அம்மா “வந்துடுடா” என்று அழுகிறார். நான் என்ன சொல்லட்டும்?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்பு மகளுக்கு,

இப்போதைக்கு வரச் சொல்லாதே. என் மகள் அங்கே வேலை பார்த்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஊரில் இருந்தவள் நான். முதல் இரண்டு வாரம் உன் தம்பியைவிட அதிகமாகவே புலம்பினேன்.

முதலில் ரொட்டி விஷயம். சமையலறைத் தராசில் 125 கிராம் ரொட்டியை வைத்துப் பார். உள்ளங்கையில் அடங்கிவிடும். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை, 872 நாள், ஹிட்லரின் படை அந்த ஊரைச் சுற்றி வளைத்திருந்தது. அப்போது ஊரின் பெயர் லெனின்கிராட். முதல் குளிர்காலத்தில் ஐந்து வாரம் போல, குழந்தைகளுக்கும் வேலைக்குப் போகாதவர்களுக்கும் ஒரு நாளைக்குக் கிடைத்தது அந்த 125 கிராம்தான். அதிலும் மாவோடு மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸையும் கலந்திருந்தார்கள். பட்டினியில் போனவர்கள் பல லட்சம் பேர். நெவ்ஸ்கி சாலையில் 14-ஆம் எண் கட்டடச் சுவரில், “பீரங்கிக் குண்டு வீச்சின்போது தெருவின் இந்தப் பக்கம் மிக ஆபத்தானது” என்ற நீல நிற அறிவிப்பை இன்றும் பார்க்கலாம். ஹாஸ்டல் பாட்டி அதற்குப் பிறகு பிறந்தவராகவே இருக்கட்டும், அவரை வளர்த்தவர்கள் அந்த ரொட்டியைத் தின்று பிழைத்தவர்களாக இருக்கலாம். சோற்றைக் கொட்டினால் நம் பாட்டிமார் திட்ட மாட்டார்களா? இனி மிச்ச ரொட்டியைக் குப்பையில் போட வேண்டாம் என்று சொல். நேரே போய் மன்னிப்பும் கேட்கட்டும். “இஸ்வினீத்யே” என்றால் போதும்.

அப்புறம் சிரிப்பு. காரணமில்லாமல் சிரிப்பவன் முட்டாள் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. தெரியாத ஆளைப் பார்த்துப் பல்லைக் காட்டினால், என்ன வேண்டும் இவனுக்கு என்றுதான் நினைப்பார்கள். கடைக்காரம்மா முறைக்கவில்லை, அவர் முகமே அதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அருங்காட்சியகமோ நாடக அரங்கமோ, எங்கே போனாலும் கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்த இடத்துக்கு கர்தெரோப் என்று பெயர். நான் நீட்டிய பழுப்புக் கோட்டில் கழுத்துக்குப் பின்னால் மாட்டுகிற வளையம் அறுந்திருந்தது. அங்கிருந்த அம்மா அதைத் தூக்கிக் காட்டி, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மொழி புரியாவிட்டாலும் வசவு புரியுமே. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துக் கோட்டைத் திரும்ப வாங்கினால், வளையம் கறுப்பு நூலில் கெட்டியாகத் தைத்திருந்தது. நன்றி சொன்னேன். அப்போதும் அவர் சிரிக்கவில்லை, அடுத்த டோக்கனுக்குக் கையை நீட்டினார்.

நிறம் பற்றிக் கேட்டிருக்கிறாய். மழுப்ப மாட்டேன், நிறம் பார்க்கிறவர்கள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் தம்பியிடம் பிரித்துக் கேள்: முகம் கொடுக்கவில்லையா, அல்லது யாராவது தள்ளினார்களா, பின்தொடர்ந்தார்களா, கெட்ட வார்த்தை சொன்னார்களா? முதலாவது என்றால் பழகிவிடும். மற்றவை என்றால் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் அன்றைக்கே சொல்ல வேண்டும். அவசரத்துக்கு 112. இந்தியத் துணைத் தூதரகம் அதே ஊரில் இருக்கிறது, அந்த எண்ணும் போனில் இருக்கட்டும்.

எனக்கு முகங்களைவிட இருட்டுதான் பயமாக இருக்கிறது. டிசம்பரில் காலை பத்து மணிக்குத்தான் விடியும், நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். முழுசாக ஆறு மணி நேர வெளிச்சம்கூட இல்லை, அதையும் மேகம் மூடிவிடும். திருச்சி வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு மனசு சோர்ந்து போகாதா? மதியம் கொஞ்ச நேரமாவது வெளியே நடக்கட்டும். தூக்கமோ சாப்பாடோ கெட்டால் டாக்டரைப் பார்க்கட்டும், வைட்டமின் டி பற்றியும் கேட்கட்டும். ஜூனில் இதே ஊரில் நள்ளிரவிலும் வானம் இருட்டாது. நேவா நதியின் பாலங்கள் கப்பலுக்காக நடுவில் பிளந்து மேலே எழுவதைப் பார்க்க ஊரே கரையில் கூடும். அதைப் பார்க்காமல் திரும்பினால் பாவம்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி: கெஃபீர் என்று பாக்கெட்டில் விற்பார்கள். புளித்த மோர் மாதிரிதான். குண்டு அரிசியைக் குழைய வடித்து அதை ஊற்றிப் பிசைந்தால் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை நாலு காசு இருந்தால் பல்ஷாயா கன்யூஷென்னயா தெரு 25-ஆம் எண்ணுக்குப் போகச் சொல். 1958-இலிருந்து பீஷ்கி சுடுகிற கடை. நம் மெதுவடை உருவம், மேலே சர்க்கரைத் தூள். நதிக்கு அக்கரையில் குன்ஸ்த்கமேரா அருங்காட்சியகம். மேர்வார்த் என்ற கணவனும் மனைவியும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றிச் சேர்த்த பொருட்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அந்தக் கணவர் 1929-இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணமே எழுதினார்!

மொழியை அவன் எட்டிக்காயாக நினைக்க வேண்டாம். நீ, நீங்கள் இரண்டும் அங்கேயும் உண்டு. ஆசிரியரைப் பெயரோடு அவர் அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். நாம் இனிஷியலில் சுருக்குவதை அவர்கள் வாய் நிறையச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நிலைப்படியில் நின்று எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று என் மாமியார் சொல்வார். அங்கேயும் அதே சட்டம்.

ஜனவரிப் பரீட்சை முடியட்டும். அதுவரை அம்மா போனில் “வந்துடுடா” என்பதை மட்டும் நிறுத்தட்டும். மார்ச் 8 பெண்கள் தினம், அங்கே அரசு விடுமுறை. அன்றைக்கு அந்த ஹாஸ்டல் பாட்டிக்குப் பூ வாங்கிக் கொடுக்கச் சொல். ஆனால் எண்ணி வாங்கச் சொல்: மூன்றோ ஐந்தோ. மொய்க்கு நூற்றோடு ஒரு ரூபாய் சேர்க்கிற கணக்குதான். இரட்டைப்படையில் பூ வைப்பது அங்கே கல்லறைக்கு.