யார் சொன்னது? – செய்தி எழுதப் பழக்குதல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இதழியல் இரண்டாம் ஆண்டு வகுப்பு எடுக்கிறேன். முக்கியமானதை முதலில் சொல்லும் தலைகீழ்ப் பிரமிடு முறை பற்றித் தேர்வில் அழகாக எழுதும் மாணவர்கள், செய்தி என்று வந்தால் ‘தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார்’ என்றே தொடங்குகிறார்கள். எப்படித் திருத்துவது?
– விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: அவர்கள் அழைப்பிதழைப் பார்த்து எழுதுகிறார்கள். எழுத உட்காருமுன் குறிப்பேட்டை மூடச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். வாயில் முதலில் வருவதுதான் இன்ட்ரோ, அதாவது செய்தியின் தொடக்கம்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மாணவரை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் உள்ளிட்ட கோரிக்கைகளுடன் 312 மனுக்கள் பெறப்பட்டன’ என்று எழுதி வருவார். அங்கே யாரைப் பார்த்தாய் என்று கேட்டால், காலிக் குடங்களோடு வந்த பெண்களைச் சொல்வார். அப்படியானால் செய்தி இது: ‘எட்டு நாளாகக் குடிநீர் வரவில்லை என்று 40 பெண்கள் காலிக் குடங்களுடன் ஆட்சியரிடம் திங்கள்கிழமை மனு கொடுத்தனர். அனைவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள்.’ தண்ணீர் ஏன் வரவில்லை, மோட்டார் பழுதா, குழாய் உடைப்பா, ஊராட்சி என்ன சொல்கிறது என்பது இரண்டாம் பத்தி. 312 மனு கடைசிக்குப் போகட்டும். இடம் போதாமல் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் வெட்டினாலும் நஷ்டமில்லை.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘சென்று, பார்வையிட்டு, ஆய்வு செய்து’ என்று எச்சங்களை அடுக்கினால், என்ன நடந்தது என்று தெரிய வாசகர் நாலு வரி காத்திருக்க வேண்டும். வாக்கியம் 15 சொல்லைத் தாண்டினால் இரண்டாக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, சிவப்புப் பேனாவால் ‘படுகிறது’, ‘பட்டது’ எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ‘ஆக்கிரமிப்புக் கடைகள் அகற்றப்பட்டன’ என்றால், அகற்றியது மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா? பெரும்பாலும் மாணவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். நடைப் பிழைபோலத் தெரிவது உண்மையில் விசாரிக்காததன் அடையாளம். ‘எனக் கூறப்படுகிறது’ அதைவிட மோசம்: கூறியது யார்? பதில் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்பதை யோசிக்காமல் அடித்துவிடலாம்.

கேள்வி: வகுப்பில் 30 பேர். களப்பயிற்சியை எப்படி நடத்துவது?
– துறைத் தலைவர், திருச்சி

பதில்: இரண்டிரண்டு பேராகப் பிரித்து, 15 இடங்களுக்கு அனுப்புங்கள். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், உழவர் சந்தை, சார்பதிவாளர் அலுவலகம் எதுவானாலும் சரி. ஒவ்வொரு ஜோடியும் மூன்றைக் கொண்டுவர வேண்டும்: பாதிக்கப்பட்டவரின் பேச்சு, பொறுப்பான அலுவலரின் பதில், ஓர் ஆவணம். அலுவலர் கிடைக்கவில்லையா? எப்போது போனார்கள், எத்தனை முறை போன் செய்தார்கள் என்பதைக் குறித்துவரட்டும். திரும்பிய மூன்று மணி நேரத்தில் 200 சொல்லில் செய்தி உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் என்று விட்டால் கட்டுரையாகிவிடும்.

பேசியவரின் பெயரை அவரையே குறிப்பேட்டில் எழுதித் தரச் சொல்வது நல்ல பழக்கம். முதலெழுத்தை ‘எஸ்.’ என்று போடுபவரை ‘ச.’ ஆக்குவதும் பிழைதான். எழுதத் தெரியாதவர் என்றால், எழுதிய பெயரைச் சத்தமாகப் படித்துக்காட்டிச் சரிபார்க்க வேண்டும். வயது, தெரு, போன் எண் மூன்றும் கட்டாயம். எண் சரிபார்க்க மட்டும், அச்சிட அல்ல. ஒவ்வொரு செய்தியிலும் ஒருவருக்கு நீங்களே போன் செய்து ‘இப்படிச் சொன்னீர்களா?’ என்று கேளுங்கள். வாத்தியார் கூப்பிடுவார் என்று தெரிந்தால், அறையில் உட்கார்ந்து பேட்டியைக் கற்பனை செய்யத் துணிய மாட்டார்கள். பெயர் பிழைக்கு 20 மதிப்பெண்ணில் 10 குறையுங்கள். கடுமைதான், ஆனால் பேசியவரின் பெயரையே தவறாகப் போட்ட செய்தியில் மற்றதை யார் நம்புவார்?

ஆவணத்துக்கு, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ஐ அவசியம் பழக்குங்கள். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள் கெடு. அதனால் செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே மனு போனால்தான் பாடம் முடிவதற்குள் பயன்படும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். ‘2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை இந்தத் தெருக் குழாய்களைப் பழுதுபார்த்த செலவுப் பதிவேட்டின் நகல்’ என்று பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

கேள்வி: மொபைலில் பதிவு செய்தால் குறிப்பு எடுக்க வேண்டுமா?
– மாணவி, மதுரை

பதில்: வேண்டும். சந்தை இரைச்சலில் பேச்சு கேட்காது. 40 நிமிடப் பதிவைக் கேட்க இன்னொரு 40 நிமிடம் போகும். பதிவு ஓடட்டும்; முக்கியமான வரி வரும்போது அது எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளிச் சிறுமிக்கு நேர்ந்த பாலியல் வன்முறை பற்றி எங்கள் கல்லூரிப் பயிற்சி இதழில், பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதலாமா?
– மாணவர், கோவை

பதில்: பெயரை விட்டால் மட்டும் போதாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 23-ஆவது பிரிவு முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில் பலர் சறுக்கும் இடம் குற்றம்சாட்டப்பட்டவரின் பெயர். ‘தந்தை கைது’ என்று எழுதி அவர் பெயரையும் ஊரையும் போட்டால், சிறுமி யார் என்று அந்த ஊருக்கே சொன்னதாகும். உறவு, பெயர், ஊர் என அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் தகவல் அறிக்கையின் படத்தைப் பகிர்வதையும் இன்றே நிறுத்துங்கள்.