ஆயில் மாற்றியதும் எரியும் செக் என்ஜின் விளக்கு
ஆயில் மாற்றிய மறுநாளே மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறது, ஓட்டத்தில் குறை தெரியவில்லை என்கிறீர்கள். பயப்படாதீர்கள் நண்பரே, சிவப்பு ஆயில் விளக்கு என்றால் உடனே நிறுத்த வேண்டும், இது அதுவல்ல. முதலில் ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் பல பெட்ரோல் என்ஜின்களில் அவை சரியாக மூடாவிட்டால் இடைவெளி வழியாக சென்சார் கணக்கில் வராத காற்று உள்ளே போய், காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைந்து, பி0171 என்ற பிழைக் குறியீடு (கோட்) பதிவாகும். அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றியிருந்தால் அதன் பெட்டி கிளிப், பக்கத்து சென்சார் பிளக் இரண்டும் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள். சரிசெய்த பிறகும் விளக்கு அணைய சில நாள் ஓட்டம் ஆகலாம். பேட்டரி ஒயரைக் கழற்றி அணைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பல வண்டிகளில் பிழைக் குறியீடும் சேர்ந்து அழிந்துவிடும், அதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது; புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காலி செய்துவிடும்.