உறைபனியில் லெட்டூஸ்: விதையை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: ஊட்டி காந்தலில் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி வைத்திருக்கிறேன். போன ஜனவரியில், முட்டைக்கோஸ் மாதிரி உருண்டை கட்டும் ஐஸ்பெர்க் லெட்டூஸ் முழுவதும் ஒரே இரவில் வேகவைத்த கீரை மாதிரி ஆகிவிட்டது. 'எந்தப் பனியையும் தாங்கும் வெளிநாட்டு விதை' என்று ஒருவர் பொட்டலம் கொண்டுவருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குளிர் தாங்கும் ரகங்கள் இருப்பது உண்மைதான். வின்டர் டென்சிட்டி, ஆர்க்டிக் கிங் இரண்டும் நல்ல ரகங்கள். ஆனால் அந்தப் பொட்டலத்தில் இருப்பது அதுதானா? லெட்டூஸ் விதை பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், இல்லாவிட்டால் கறுப்பாக இருக்கும். கண்ணால் பார்த்து ரகம் சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து உங்களுக்கு விஷயம் தெரியும்போது அவர் எந்த ஊரில் இருப்பாரோ! லாட் எண், முளைப்புத்திறன், சோதித்த தேதி, காலாவதி தேதி அச்சிடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். பில்லும் வாங்குங்கள். பில் இல்லாமல் புகாருக்குப் போனால் உங்களைத்தான் குற்றவாளி மாதிரி விசாரிப்பார்கள். செடியை மூட அரசு மானியத்தில் வலை கேட்டாலும் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணங்களில் தொடங்குவார்கள். நாலு பாத்திக்காரர் அவர்கள் கணக்கில் விவசாயியே இல்லை.

சரி, செடியைக் காப்பாற்றுவது எது? வயது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதிக்குள் விதையுங்கள். விதைக்கு வெளிச்சம் வேண்டும், மேலே மண்ணைத் தூவினால் போதும். நவம்பர் நீர்ப்பனியில் நின்று பழகிய செடியின் இலையில் நீர் குறையும், சர்க்கரை கூடும்; லேசான உறைபனியைத் தாங்கிவிடும். பாலிஹவுஸ் என்ற பாலித்தீன் கூடாரத்தில் தளதளவென்று வளர்த்து டிசம்பரில் விற்கும் நாற்றுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெளியே நட்டால் முதல் உறைபனியிலேயே கருகிவிடும். ஐஸ்பெர்க்கும் உருண்டை கட்டும் நேரத்தில் பனியில் மாட்டினால் மேல்தோல் உரிந்து, அப்புறம் அழுகும். உருண்டை கட்டாத, வெளி இலையாகப் பறிக்கும் ரகமே குளிருக்கு நல்லது.

பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி வளராது என்று ஐரோப்பியக் கட்டுரைகளில் படித்துவிட்டுப் பயப்படாதீர்கள். ஊட்டியில் டிசம்பரிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு.

அடுத்தது போர்வை. மாலை நாலரை, ஐந்து மணிக்குள் மூங்கில் பட்டையை வளைத்து நட்டு, பழைய பருத்திப் புடவையைப் போடுங்கள். இலையில் படக்கூடாது. பாலித்தீன் பட்ட இடம் அப்படியே கருகும். கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை நெருக்கமாகக் குத்தி வைத்தாலும் போதும். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். விறைத்து நிற்கும் இலையைத் தொடவும் வேண்டாம், பறிக்கவும் வேண்டாம்.

மேகம் மூடிய இரவில் போர்வை தேவையில்லை என்பார்கள். சரிதான், மேகம் இருக்கும்வரை. ஏழு மணிக்கு இருந்த மேகம் இரண்டு மணிக்குக் கலைந்தால்? காற்று அடித்தால் பனி படியாது. அந்தக் காற்று நடுராத்திரியில் நின்றுவிட்டால்? காந்தல் பள்ளம், சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்று அங்கேதான் தேங்கும். அதனால் மேகம் இருந்தாலும் மூடுங்கள். மழையில் துணி நனைந்திருந்தால் மட்டும் வேண்டாம். ஈரத் துணி தொய்ந்து இலைமேல் படுத்துவிடும், மூடாமல் விட்டதைவிட அது மோசம். காய்ந்த துணி ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.

ஐஸ்பெர்க்தான் வேண்டும் என்றால் பிப்ரவரி பாதியில் விதையுங்கள். உருண்டை கட்டும் நேரத்தில் உறைபனி போயிருக்கும்.