ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள்

அன்புள்ள ஐயா,

பயங்கரவாத வழக்குகளுக்கான உபா (UAPA) சட்டத்தை விமர்சித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். குண்டுவெடிப்பில் செத்தவர்களுக்கும் உரிமை இருந்தது, அதை ஏன் பேச மறுக்கிறீர்கள்? அரசு என் போனை ஒட்டுக்கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும், என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை. சந்தேகப்படும் நாலு பேரைச் சில மாதம் கூடுதலாக உள்ளே வைத்தால் நாற்பது உயிர் பிழைக்கும் என்றால் அதில் என்ன தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செத்தவர்களின் உரிமையிலிருந்தே தொடங்குகிறேன். 2002 செப்டம்பரில் காந்திநகர் அக்‌ஷர்தாம் கோயிலில் புகுந்த இரண்டு பேர் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அப்போது பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டப்படி ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது, அதில் மூவருக்குத் தூக்கு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. உண்மைக் குற்றவாளிகளை விட்டுவிட்டு அப்பாவிகளைப் பிடித்திருக்கிறார்கள் என்று விசாரணை அமைப்புகளைக் கண்டித்தது. வழக்கு பெரும்பாலும் போலீசிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்களை நம்பி நின்றது. பன்னிரண்டு வருடம் கழித்து, அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அரசு என்ன பதில் சொல்லும்? தவறான ஆள் உள்ளே போனால் சரியான ஆளைத் தேடுவதும் அன்றோடு நின்றுபோகிறது. நான் கைதிக்காக மட்டும் பேசவில்லை, அந்தத் தாய்க்காகவும்தான் பேசுகிறேன்.

போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். நம்மை அடக்கி ஆண்ட வெள்ளைக்காரனே வைத்த பாதுகாப்பு அது. பொடாவுக்கு முன்பிருந்த தடா சட்டமும் பொடாவும் அதை எடுத்துவிட்டன. எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் எழுதிக்கொண்டால் போதும். விளைவை, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதான பேரறிவாளன் விஷயத்தில் பார்த்தோம். கைதாகும்போது அவருக்கு வயது 19. குண்டுக்காக இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தடா குற்றமே நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்று சொல்லி அவருடைய தூக்கை உறுதி செய்தது. 2013இல் அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே வெளியில் வந்து சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை, தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரே ஒரு வாக்கியம்தான். அவர் 2022இல்தான் முழுமையாக விடுதலையானார்.

ஒளிக்க எதுவும் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் நீங்கள் சொல்வதை எழுதும் பேனா உங்கள் கையில் இருக்காது.

அப்புறம், அந்தச் 'சில மாதம்'. தடா 1985இல் இரண்டு வருடத்துக்கு என்றுதான் வந்தது, பத்து வருடம் இருந்தது. பொடாவை 2004இல் நீக்கிய கையோடு அதன் பிரிவுகள் பலவற்றை உபாவில் சேர்த்தார்கள். உபாவுக்கு முடிவு தேதியே கிடையாது. போலீஸ் வாக்குமூலப் பிரிவை அதில் சேர்க்கவில்லை, நல்ல விஷயம். ஆனால் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2008 டிசம்பரில், ஜாமீனைக் கிட்டத்தட்ட அடைக்கும் பிரிவு வந்தது. போலீஸ் தாக்கல் செய்த காகிதங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே நீதிபதி ஜாமீன் தர முடியாது. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் கேட்கலாம். 2021இல் நஜீப் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, ஐந்து வருடத்துக்கு மேல் அவர் சிறையில் இருந்திருந்தார், இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. விசாரணை இப்படி இழுத்துக்கொண்டு போனால் உபாவிலும் ஜாமீன் தரலாம் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் பையைத் திறந்து காட்டச் சொன்னால் சந்தோஷமாகக் காட்டுவேன். எல்லோருக்கும் ஒரே சோதனை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நீதிமன்ற ஆணையோடு ஒருவரின் போனைக் கேட்பதையும் எதிர்க்கவில்லை. விசாரணைக்கு ஆட்களைக் கொடுங்கள், நல்ல தடயவியல் கூடங்களைக் கட்டுங்கள், இந்த வழக்குகளை மட்டும் தினமும் நடத்தும் நீதிமன்றங்களைத் திறங்கள். செலவுக்கு என் வரிப்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாமீனை மட்டும் நீதிபதியின் முடிவுக்கே விட்டுவிடுங்கள்.