இருக்கவே இருக்கிறது

கேள்வி: எனக்கு 43 வயது. மனைவியும் வேலைக்குப் போகிறாள். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். என் அப்பாவும் எங்களோடு இருக்கிறார். கூரையைத் திறந்து மூடும் பழைய கார் ஒன்று வேண்டும் என்பது என் கல்லூரிக்கால ஆசை. இப்போது 1971-ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. இப்போதிருக்கும் என் காரை விற்றுவிட்டு, இதையே தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். ஒரு நடைக்கு 22 கிலோமீட்டர். இரண்டு சீட்தான். ஆனால் அப்பாவைச் செவ்வாய், வெள்ளியில் பிசியோதெரபிக்கு மனைவிதான் அழைத்துப் போகிறாள், மகளின் பள்ளியும் அவள் வழியில்தான் இருக்கிறது என்பதால் எனக்குப் பின்சீட் தேவைப்படாது. மழை நாளுக்கும், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளுக்கும் மனைவியின் வண்டி இருக்கவே இருக்கிறது. நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். தினசரி ஓட்டத்துக்கு இந்த வண்டி தாங்குமா?

பதில்: வண்டி தாங்கும், தம்பி. தாங்குமா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறொருவரைப் பற்றி.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. மோட்டார் சைக்கிளோடு வந்திருக்கிறது, படகோடு வந்திருக்கிறது, ஒருமுறை குதிரையோடும் வந்தது. எழுதுகிறவர் நாற்பதைத் தாண்டியிருப்பார். ஆசை இருபதில் பிறந்திருக்கும். நண்பர்கள் பயமுறுத்துவார்கள், நான் தைரியம் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் உங்களுக்கு வேறு இடத்தில் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான் மூன்று தடவை படித்தேன். ‘மனைவியின் வண்டி இருக்கவே இருக்கிறது.’ பேனா எங்கும் தடுக்காமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இருக்கவே இருக்கிறது என்று நாம் எதைச் சொல்வோம்? திண்ணையை, மரத்தடி நிழலை. யாரையும் கேட்காமல் போய் உட்காரக்கூடிய இடத்தை. நீங்களே எழுதியபடி, அந்த வண்டி உங்கள் மகளைப் பள்ளியில் இறக்குகிறது, உங்கள் மனைவியை வேலைக்குக் கொண்டுபோகிறது, வாரத்தில் இரண்டு நாள் உங்கள் அப்பாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போய் வருகிறது. உங்கள் அப்பாவை. அதையும் ஒரு வசதியாக, பின்சீட் வேண்டாம் என்பதற்குக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.

மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்ஸ்டர் வெளியே வராது. வீட்டில் ஓடும் வண்டி ஒன்று, ஆட்கள் நாலு பேர். மகள் பள்ளிக்கு, அப்பா சிகிச்சைக்கு, மனைவி வேலைக்கு, நீங்கள் 22 கிலோமீட்டர் தள்ளி. மகளின் பள்ளி மனைவி போகும் வழியில் என்று எழுதினீர்களே, உங்கள் அலுவலகம் எந்த வழியில் என்று எழுதவில்லை. அன்று யார் தாமதமாகப் போவது? யார் மேலதிகாரியிடம் பேச்சு வாங்குவது? எனக்குப் பதில் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வரி அவ்வளவு சுருக்கமாக முடிந்திருக்கிறது.

பழைய கார் என்றால் எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். என் அண்ணன் இதே மாடலை ஆறு வருடம் வைத்திருந்தார். நல்ல வெயில் சாயும் நேரத்தில் கூரையை மடக்கிவிட்டு அதில் போன சுகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்காத இன்னொன்றும் உண்டு. ஒரு மாலை சிக்னலில் நிற்கும்போது தூறல் பிடித்தது. அண்ணன் குதித்து இறங்கி துணிக்கூரையை இழுத்தார். இரும்புச் சட்டத்தை நான் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டே வந்தார். மாதக்கணக்கில் மடித்தே கிடந்த துணி சுருங்கிப் போயிருந்ததால், கடைசிப் பட்டன் மட்டும் ஒரு விரல்கடை எட்டவில்லை. அந்த இடைவெளி வழியாக வீடு வரும்வரை என் தோளில் சொட்டியது. ஈரத்தோடு மடித்தால் துணி பூஞ்சை பிடித்துவிடும் என்று மறுநாள் முழுக்க அதை விரித்தே வைத்திருந்தார். அண்ணியின் கைப்பையில் எப்போதும் ஒரு பழைய துண்டு இருக்கும், அந்த சீட்டைத் துடைப்பதற்கென்றே. அந்த ஆறு வருடத்தில் அண்ணி அந்த வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அதை அண்ணன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சரி, வண்டிக்கு வருவோம். 1962 முதல் 1980 வரை தயாரான மாடல் இது. கூரையுள்ள ஜிடியையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் உதிரிப்பாகம் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பழைய அச்சுகளையே தேடியெடுத்து, முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கும் வேலையை 1988-இல் இங்கிலாந்தில் தொடங்கிவிட்டார்கள். அப்புறம், நிறுத்தியே வைத்திருக்கும் பழைய வண்டியைவிட ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிதான் நன்றாக இருக்கும். ஒரு நடை 22 கிலோமீட்டர் என்றால் இன்ஜின் நன்றாகச் சூடேறிவிடும், அதுவும் நல்லதுதான்.

ஆனால் பளபளக்கும் பெயின்ட்டை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வண்டிக்கு அடியில் தாங்கும் சட்டமாகத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, மேலே கூரையும் கிடையாது. அதனால் மொத்த பலமும் தரையிலும், கதவுக்குக் கீழே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பெட்டி மாதிரி ஓடும் தகட்டிலும் இருக்கிறது. துரு பிடிப்பதும் அங்கேதான், அதுவும் உள்பக்கத்திலிருந்து. மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தாலோ, கதவோர இடைவெளி மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு என்று இருந்தாலோ, வண்டி நடுவில் தொய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த டிங்கரிங் வேலையை இறக்கினால் மாதங்கள் ஓடும். அந்த மாதங்களுக்கும் மனைவியின் வண்டிதானே?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வண்டி ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிறந்தது. இன்ஜினில் வால்வ் வந்து உட்காரும் வால்வ் சீட் தேயாமல் அந்த ஈயம்தான் காத்தது, இப்போதைய பெட்ரோலில் அது இல்லை. அதனால் வால்வ் சீட்டைக் கடினமான உலோகத்தில் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஹோஸையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது, கவிழ்ந்தால் தலைக்கு மேல் துணிதான். மகளை ஒரு சுற்று அழைத்துப் போகாமல் இருக்கமாட்டீர்கள், அதற்கு முன் சீட் பெல்ட்டைச் சரிபாருங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டாலும் வண்டி நேரம் கேட்கும். சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். தினமும் 44 கிலோமீட்டர் என்றால் அது ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். இக்னிஷனில் பாயின்ட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும், இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைக்க வேண்டும், அவற்றின் உச்சியில் உள்ள டேம்பரில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று எட்டிப்பார்க்க வேண்டும். சந்தோஷமான வேலைதான், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்றே தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் மகளின் வீட்டுப்பாடத்தையும் அப்பாவின் உடற்பயிற்சியையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்றும் உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. பழைய வண்டிகளுக்கென்றே குறைந்த பிரீமியத்தில் தனி இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பல நாடுகளில் உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: வீட்டில் தினசரி ஓட்டத்துக்கு வேறு வண்டி இருக்க வேண்டும், இதில் அலுவலகம் போய் வரக் கூடாது. கணக்குப் பார்த்துப் பிழைக்கிற கம்பெனிக்காரர்களே, அன்றாடப் பாரத்தைச் சுமக்கும் வண்டி எது என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் கட்டிய மனைவியிடம் கேட்டீர்களா? கடிதத்தில் கேட்டதாக இல்லை. அவர் என்ன சொன்னார் என்று ஒரு சொல்கூட இல்லை.

குடும்பத்தில் ஆசைக்கு இடமில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆசைப்படுகிறவர்தான் அதன் ஈரத்தில் நனைய வேண்டும் என்பது என் கட்சி. இன்னொருவருடைய காலை நேரத்தை ஸ்டெப்னி மாதிரி டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்புவதை என்னால் ஏற்க முடியாது. பெற்ற அப்பாவின் முழங்காலையோ முதுகையோ மருமகள் பார்த்துக்கொள்வது அவருடைய நல்ல குணம். மகன் அதை ஒரு ஏற்பாடாக எழுதிவைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு இரண்டு சீட் காரை நிறுத்தப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே இப்போதைய காரை விற்காதீர்கள், வாங்கவும் அவசரப்படாதீர்கள். இரண்டு மாதம் ஒன்று செய்யுங்கள். மழை பெய்யும் நாளிலெல்லாம் உங்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸோ ரயிலோ பிடித்து அலுவலகம் போங்கள். மழையே இல்லை என்றால், வாரத்தில் எந்த நாள் உங்கள் வண்டி ‘ஒர்க்‌ஷாப்பில்’ என்பதை அன்று காலை ஏழு மணிக்கு மகளைச் சொல்லச் சொல்லுங்கள், பழைய வண்டி முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்காது. மனைவியின் சாவியைத் தொடக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் உங்கள் காரில் அப்பாவை நீங்களே அழைத்துப் போங்கள், அலுவலகத்தில் அனுமதி கேட்கும் சங்கடம் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்தும் ஆசை மிச்சமிருந்தால் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். வாங்குவதாக முடிவானால், அந்த இரண்டு நாளும் நீங்கள் அவருடைய வண்டியை அப்பாவுக்காக எடுங்கள், ரோட்ஸ்டரில் அவர் வேலைக்குப் போகட்டும். அந்தச் சாவியை அவர் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் வராது என்றால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஜாக்கி போட்டுப் பார்க்க எப்படியும் போகத்தான் போகிறீர்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். செவ்வாய், வெள்ளியில் மட்டும் போகாதீர்கள். அந்த இரண்டு நாளும் உங்களுக்கு வேலை இருக்கிறது.