டம்ளரைக் கழுவியது யார்?

அன்புள்ள அக்கா,

நான் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரன். சென்னையில் 12 வருடம் கம்ப்யூட்டர் வேலை. இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து முடிந்தவரை குப்பை சேர்க்காமல் வாழ வேண்டும் என்று ஒரு வைராக்கியம். கடைக்குத் துணிப்பை, எண்ணெய்க்குத் தூக்கு, வீட்டில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக்கவுனியும்தான். போன ஆவணியில் மகளுக்குக் காதுகுத்து. 350 பேர் வந்தார்கள். பேப்பர் கப், தண்ணீர் பாட்டில், மேஜையில் விரிக்கிற பேப்பர் எதுவுமே கூடாது என்று சொல்லி எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை. "உங்க கொள்கைக்கு என் கைதான் கிடைச்சுதா" என்று ஒரே ஒரு வார்த்தை. என் அத்தையோ "பட்டணத்திலேருந்து வந்து நமக்குப் பாடம் எடுக்குறான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். வாய்க்கால் பூராவும் குப்பை கிடக்கிறது, ஒருவருக்கும் கவலையில்லை. நம் தாத்தா பாட்டி குப்பையே இல்லாமல் வாழ்ந்த மண்தானே அக்கா இது? அந்த வாழ்க்கைக்குத் திரும்பச் சொன்னால் நான் மட்டும் ஏன் கிறுக்கன் ஆகிறேன்?

(பெயர் போட வேண்டாம், அத்தை படிப்பார்.)

*

அன்புள்ள தம்பி,

பெயர் போடவில்லை. ஆனால் அத்தை படித்தால் நல்லதுதான், நான் பாதி அவர் பக்கம்.

முதலில் ஒரு கணக்கு. 350 பேர். வந்ததும் காபிக்கு ஒரு டம்ளர், பந்தியில் தண்ணீருக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று. ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. "எல்லாம் நன்றாகத்தான் நடந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆயிரம் டம்ளரும் தாமாகவே குளித்து, தாமாகவே கவிழ்ந்து, வாடகைக் கடைக்குத் தாமாகவே நடந்து போய்விட்டனவா? கடிதத்தை மூன்று தடவை படித்தேன், கழுவியது யார் என்று ஓர் இடத்திலும் இல்லை. மனைவி சொன்ன அந்த ஒரே வார்த்தையில்தான் அது இருக்கிறது. அதையும் நீங்கள் அவருடைய கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தகவல், தம்பி.

மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படித்தான். நல்ல அரிசி, எங்கள் வீட்டிலும் உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, அப்படியே பெருக்கி 170-க்கு மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டுவிட்டு 2018 டிசம்பரில் கண்ணை மூடினார். அந்த நெல்லெல்லாம் இன்று நம் அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், பொன்னியைப்போல நாலு விசிலில் வேகாது, பிள்ளைகள் சிவப்பாக இருக்கிறதென்று முகத்தைச் சுளிக்கும், அதுகளுக்கென்று தனியாக வெள்ளைச் சோறு ஒரு பானை. உங்கள் வீட்டில் இரவு ஊறப்போடுவது யார்? நீங்கள்தான் என்றால் இந்தப் பத்தியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் தாத்தா பாட்டி.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடை. வீட்டில் கொஞ்சம் நிலம் உண்டு, நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்கள் வருவார்கள். கொல்லையில் மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பின் கீற்றில் இரண்டு மூன்று கொட்டாங்குச்சியும் நெளிந்துபோன ஓர் அலுமினியக் குவளையும் செருகியிருக்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் அதை எடுத்து நீட்டுவார்கள். அப்பாயி மேலே பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றுவார். குடித்துவிட்டு அவர்களே கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுப் போவார்கள். துளி குப்பை கிடையாது. இன்றைக்கு அதே கொட்டாங்குச்சியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி இயற்கைக் குவளை என்று இணையத்தில் விற்கிறார்கள், நானே பார்த்தேன், விலையைப் பார்த்து மூடிவிட்டேன். அன்று அந்தச் சாய்ப்புக்குக் கீழே நின்ற பையனுக்கு என் வயதுதான் இருக்கும். அவன் எந்தக் குவளையில் குடித்தான் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவன் பெயர் இல்லை.

குப்பையே இல்லாத அந்தக் காலத்தில் ஒரு வேட்டியோடு வருடம் பூராவும் ஓட்டியவர்கள் யாரும் அதைக் கொள்கையாகச் செய்யவில்லை. பண்ணையாளை நினைத்தபோது வெளியே தள்ளக் கூடாது என்பதற்கே தஞ்சாவூருக்கென்று 1952-ல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதில் ஆரம்பித்த தகராறு, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் தீயில் கருகியதில் போய் நின்றது. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து அது ஒன்றும் தூரதேசம் இல்லை. அந்த வாழ்க்கைக்குத் திரும்பலாம் என்று எழுதும்போது, திரும்பிப் போய் எந்தப் பக்கத்துச் சாய்ப்பில் நிற்கப்போகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, எனக்கு ஒருத்தர் சொன்னது. சில வருடங்களுக்கு முன் உங்களைப்போலவே எனக்கும் ஒரு வேகம். எங்கள் கடைத்தெரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பேப்பர் கப்பை ஒழித்துவிட்டு எல்லோருக்கும் பழையபடி கண்ணாடி கிளாஸில் டீ கொடுக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே கூஜா அடுக்கிக்கொண்டிருந்த கடைப்பையன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான், அவனுக்கென்ன, வாரம் மாறினால் வேறு கடை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெரியவர், காலனித் தெருக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, அந்தக் கப்பு வந்ததுக்கப்பறந்தான் ஒங்க கையிலயும் எங்க கையிலயும் ஒண்ணா இருந்திச்சு. அதையும் ஒழிக்கணுமா?" எனக்குப் பதில் வரவில்லை. டீ ஆறிப்போனது. அவர் சொன்னதுதான் முழுக் கதை என்றும் சொல்ல மாட்டேன். இவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அவர்களுக்குத் தூக்கிப்போடுகிற கப் என்று அதே கப்பை வைத்தே கோடு கிழித்த கடைகளும் உண்டு. ஆனால் ஒரு பொருளை வெறும் குப்பை என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் குப்பைக்குள் ஒருத்தருடைய மரியாதை இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்று, பெண்கள் சமாச்சாரம், நீங்கள் பெண் பிள்ளை பெற்றவர் என்பதால் சொல்கிறேன். மாதாமாதம் துணிக்கே திரும்புங்கள், அதுதான் மண்ணுக்கு நல்லது என்று யாராவது கூட்டத்தில் பேசினால் எனக்கு என் அம்மாதான் ஞாபகம் வருவார். துவைத்த துணியை வெயிலில் போட முடியாமல் வைக்கோல் போருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஈரத்தில் உலர்த்துவார். துணி நல்லதுதான். வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும், கதவு வைத்த குளியலறை வேண்டும். அதைப் பேசாமல் துணியை மட்டும் பேசுகிறார்கள்.

சரி, அப்படியென்றால் கப்பே இருக்கட்டும் என்கிறீர்களா அக்கா என்று கேட்பீர்கள். இல்லை. பேப்பர் கப் என்பதே முதலில் பொய்ப் பெயர். உள்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுவழுவென்று இருப்பது பாலிதீன் படலம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு, தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. தடை வந்த வருடத்துக் கல்யாணங்களில் கொஞ்சம் பயம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. முன்பெல்லாம் எச்சில் இலை மாட்டுக்குப் போகும். இப்போது இலையோடு கப்பும் பாட்டில் மூடியும் சேர்ந்தே குவிகிறது, மாடு எதைப் பிரித்துத் தின்னும்?

உங்கள் ஊர் வாய்க்கால் குப்பையைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை என்கிறீர்கள். எனக்கு இருக்கிறது, ஏனென்றால் அது என்னிடம்தான் வருகிறது. உபசாரத்துக்குச் சொல்லவில்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால், கல்லணையில் பிரிந்து வெண்ணாறாக வருகிற தண்ணீர் உங்கள் நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில்தான் கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. இரண்டும் இந்தப் பக்கம் வந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கலக்கின்றன. ஒவ்வொரு வருடமும் முதல் தண்ணீர் வருகிற அன்று எங்கள் மதகில் போய் நின்று பாருங்கள். சிறுவயதில் முதல் தண்ணீரைத் தொட்டுக் கும்பிடுவோம். இப்போது முன்னால் வருவது தண்ணீர் இல்லை, பாட்டில், கப், குழந்தைகளுக்குக் கட்டிப்போடுகிற டயப்பர், அதற்குப் பின்னால்தான் நுரையோடு தண்ணீர். மதகு அடைத்துக்கொண்டால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் வாரிப்போடுகிறார்கள். வாருகிறவர் அந்தப் பாட்டிலில் ஒரு வாய் குடித்தவர் இல்லை. மிச்சம் அலையாத்தி வேரில் போய் மாட்டிக்கொள்கிறது.

கவலைப்படுகிற இன்னொருத்தர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார், தூய்மைக் காவலர். பச்சைக் கூடையும் சிவப்புக் கூடையுமாகத் தெருத்தெருவாக வருகிறாரே, அவர். ஒரு நாள் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், எந்த வீட்டில் என்ன விசேஷம், எத்தனை பாட்டில் என்று தேதியோடு சொல்வார்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகத் தண்ணீர் பாட்டில் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் பிழைத்தோம், அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மாதக்கணக்கில் கொல்லையெல்லாம் காலி பாட்டில். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், மறுவருடம் எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து 400 எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். விசேஷ வீட்டுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். முதல் ஆறு மாதம் டம்ளருக்கு மட்டும் காசு வாங்கினோம். அதனால் என்ன ஆனது என்றால், வீட்டுக்காரர்கள் கழுவுகிற வேலையை வழக்கமாக யார் தலையில் கட்டுவார்களோ அவர்கள் தலையிலேயே கட்டினார்கள், மிஞ்சின சாம்பாரும் ஒரு பழைய புடவையும் கூலி. அதற்கப்புறம் ரசீதில் இரண்டு வரியாகப் போட்டோம்: டம்ளர் வாடகை தனி, கழுவுகிற கூலி தனி, அந்தக் கூலி பணமாக, முன்னாலேயே. நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். கூலியைக் கேட்டுவிட்டுப் பேப்பர் கப்புக்கே திரும்பிப் போனவர்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

கூலி கொடுக்க மனசில்லாத ஒரு வீட்டில், அண்ணன் தம்பி நாலு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிபம்புக்குப் பக்கத்தில் தாங்களே உட்கார்ந்தார்கள். காலைப் பந்தி டம்ளரைக் கழுவி முடித்ததும், மத்தியானத்துக்குப் பாயசத்துக்கென்று தனி டம்ளர் எதற்கு, இலையிலேயே ஊற்றினால் ஆகாதா என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது! அன்று 200 டம்ளர் தொடாமல் திரும்பி வந்தது. இத்தனை வருடத்தில் எந்தப் பிரச்சாரத்துக்கும் இப்படி ஒரு பலனை நான் பார்த்ததில்லை.

ஆகவே உங்களைக் கிறுக்கன் என்று நான் சொல்ல மாட்டேன். டம்ளர் எடுத்தது சரி, மறுபடியும் எடுங்கள். அத்தையிடம் மட்டும் ஒருமுறை உட்கார்ந்து, அவருடைய கல்யாணத்தில் பாத்திரம் யார் கழுவினார்கள், தண்ணீர் எங்கிருந்து யார் சுமந்தார்கள் என்று கேளுங்கள். ஏன் சிரிக்கிறார் என்று அதில் தெரிந்துவிடலாம். மனைவியிடம் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி அரிசியை நீங்கள் ஊறப்போடுங்கள்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எங்கள் டம்ளரெல்லாம் மூட்டையில் சும்மாதான் கிடக்கும். பிறந்தநாள், கூட்டம் என்று உங்கள் பக்கம் ஏதாவது வந்தால் எழுதுங்கள், மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோம். வாடகை வேண்டாம். கழுவுகிற கூலி யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். நீங்களே கழுவினால் எத்தனை மணி நேரம் ஆனது, இடுப்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா